வெட்டச் சொன்னால் காரணம் கேட்டவர்

மும்பை மின்ரயில் குர்லாவை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜெயராணியிடமிருந்து அழைப்பு வந்தது. வல்லி மேமிடமும் என்னிடமும் படித்தவள் அவள். காலை நேரத்து நெரிசலில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றேன். "வல்லி மேம் போயிட்டாங்க சார்" என்று அழுதுகொண்டே கத்தினாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவர் நகர்ந்து எனக்கு இடம்விட்டார். செம்பூருக்குக் கல்லூரிக்குப் போக வேண்டியவன் குர்லாவிலேயே இறங்கி, மாட்டுங்கா செல்லும் வண்டியைப் பிடித்தேன்.

ஆனந்தவல்லி என்பது அவருடைய முழுப் பெயர். எங்கள் பழைய மாணவர்களான உங்களில் பெரும்பாலோருக்கு அவர் வல்லி மேம். எங்கள் கல்லூரியின் ஊடகத் துறையில் திரைப்படச் சட்டமும் சான்றிதழ் விதிகளும் அவருடைய பாடம். பாட்டு வீடியோ தயாரிப்பு என்னுடையது. ஒரே வகுப்பறை, ஒரே திரை, அடுத்தடுத்த பாடவேளை. நான் சொல்லிக்கொடுத்து எடுக்க வைத்ததையெல்லாம் அவர் வந்து ஏன், எதற்கு என்று கேட்பார். பிள்ளைகள் எங்களுக்கு 'வெட்டு மேம், ஒட்டு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரித்து, "பொருத்தமாத்தானே வெச்சிருக்கா?" என்றார்.

பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் வேர்விட்ட குடும்பம். கதர்ப் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, ரயிலில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இருக்கைக்காக யாரோடும் சண்டைக்கு நிற்கும் துணிச்சல். சட்டம் படித்தது மாலைக் கல்லூரியில். கற்பிக்க வருவதற்கு முன் பல ஆண்டுகள் படங்களை வாங்கி வெளியிடும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். படத்தைச் சான்றிதழுக்குக் கொண்டுபோவது, எங்கே வெட்டச் சொன்னார்கள் என்று கேட்டு வருவது, வெட்டியதைச் சரிபார்ப்பது ஆகியவைதான் அந்த வேலை.

'சென்சார்' என்ற சொல்லை வகுப்பில் யார் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. "சான்றிதழ்னு சொல்லு. யார் எந்த வயசுல பாக்கலாம்னு சொல்றதுதான் இதுல முதல் வேலை. கத்திரி கடைசி வேலை" என்பார். ஒருநாள் பழைய காதல் பாட்டு ஒன்றைத் திரையிட்டு, மாணவர்களையே சான்றிதழ் வாரிய உறுப்பினர்களாக உட்கார வைத்தார். யு, யு/ஏ, ஏ என்று மூன்று அட்டைகள். எதைத் தூக்கினாலும் காரணம் சொல்ல வேண்டும். ஒரு பையன் ஏ அட்டையைத் தூக்கி, இது நம் கலாச்சாரத்துக்கு ஆபத்து என்றான். "ஓகோ. கலாச்சாரம் எங்கே இருக்கார்? விலாசம் கொடு, நேர்ல போய் அவரையே கேட்டுண்டு வரலாம்" என்றார் மேம். வகுப்பு அதிர்ந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "யாருக்குக் கெடுதல்? ஒரு மனுஷாளைக் காட்டு. அப்போ வெட்டலாமான்னு யோசிப்போம்" என்று அதே பையனிடம் பொறுமையாகக் கேட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே காப்பி குடிக்கும்போது ஒருமுறை கேட்டேன். கம்பெனி நாட்களில் நடந்த ஒன்றைச் சொன்னார். குழு நடனத்தில் ஆடும் ஒரு பெண்ணுக்கு, ஒரு படத்தில்தான் முதன்முறையாக முகம் முழுத்திரைக்கு வந்ததாம். அந்தப் பாட்டில் வெட்டு விழுந்தது. இடுப்பசைவு ஒன்றுக்காகச் சொன்ன வெட்டில், சேர்ந்தாற்போல அந்த முகமும் போய்விட்டது. விஷயம் தெரியாத அந்தப் பெண் அம்மாவையும் தங்கைகளையும் தியேட்டருக்கு அழைத்துப் போயிருக்கிறாள். மறுநாள் அலுவலகத்துக்கே வந்து, "அக்கா, என் மொகம் எங்க போச்சு?" என்று கேட்டாளாம்.

"என்கிட்ட பதில் இல்லே சிவா. வெட்டினவாளுக்கும் அவ யாருன்னு தெரியாது. ஆட வெச்சவாளும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலே." காப்பி ஆறிப்போயிருந்தது. அவர் அதை அப்படியே குடித்தார்.

இனி ஜெயராணி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் கல்லூரியில் இருந்தவர்களுக்கு ஏதோ பிரச்சினை என்று மட்டும் தெரிந்திருக்கும். நடந்ததை முழுதாகச் சொல்வது மேமுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஜெயராணி தாராவிப் பெண். அவள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. என் குடும்பமும் அப்படித்தான். அவள் அப்பாவுக்குத் தோல்பைப் பட்டறையில் வேலை. வகுப்பில் எல்லாம் இந்தியும் ஆங்கிலமும்தான். நாங்கள் மூவர் மட்டும் இருக்கும்போது தமிழ் வரும். இறுதியாண்டுத் தயாரிப்புக்காக அவள் தானே எழுதி, தானே பாடி ஒரு ராப் பாட்டு செய்தாள். 'கண்ணு முழிக்குமுன்ன வரிசை, கனவு முடியுமுன்ன வரிசை' என்று தொடங்கும். தன் சந்தின் காலைப்பொழுதைப் பற்றிய பாட்டு. பொதுக் கழிப்பறைக்கு முன்னால் நிற்கும் வரிசையை விடியற்காலையில் செல்போனிலேயே எடுத்திருந்தாள். அந்த வரிசையில் நைட்டியும் கையில் வாளியுமாக, தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு பெண். பார்த்ததும் நான் சொக்கிப்போனேன். இதுபோல் ஒரு முகத்தைச் சம்பளம் கொடுத்து நடிக்க வைக்க முடியாது என்று வகுப்பிலேயே பாராட்டினேன்.

முடிக்கப்படாத அந்த வீடியோ யார் கையிலிருந்தோ வெளியேறி, போனுக்குப் போன் சுற்றியது. சில நாட்களில் அந்தப் பெண்ணே கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார். பெயர் செல்லக்கனி. ஜெயராணி வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருப்பவர். ஆயத்த ஆடைகள் தைப்பவர்.

"எங்க அவ? என் மூஞ்சிய ஊரு பூரா காட்டிப்புட்டாளே! எம் மவளுக்கு உல்லாஸ்நகர்ல சம்பந்தம் பேசி முடிக்கப் போறோம். மாப்ள வீட்டுக்காரவுக இந்தப் படத்த அனுப்பி, இது பொண்ணோட அம்மாதானன்னு கேக்காவ. நான் என்னன்னு சொல்ல?"

ஜெயராணி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கல்லூரி முதல்வர் எங்களைக் கூப்பிட்டு இரண்டு முடிவுகளைச் சொன்னார். வீடியோவை அடியோடு அழிக்க வேண்டும். ஜெயராணி அந்தத் தயாரிப்புக்கான தேர்வில் உட்காரக் கூடாது. அவளுக்கு அது ஒரு வருடப் படிப்பு. வீட்டில் இன்னொரு வருடம் விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சார், வெட்டச் சொன்னா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். எந்த விதி, யாருக்குக் கெடுதல்னு. வாரியமே எங்களுக்கு அப்படித்தான் தரும்" என்றார் மேம்.

"அந்த அம்மா வந்து கத்தினதைப் பார்த்தீங்களே, அது போதாதா?"

"அது போதும். அப்போ அவாதான் சொல்லணும், நீங்களோ நானோ இல்லே. எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் கொடுங்கோ."

வெளியே வந்ததும் ஜெயராணி பொரிந்து தள்ளினாள். "உண்மையத்தான மேம் எடுத்தேன்? ஒரு பொய் கிடையாது. உண்மையக் காட்டுனா தப்பா?"

"உண்மைதான். ஆனா அது அவளோட உண்மை. கேக்காம எடுத்துண்டு வந்துட்டே" என்றார் மேம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் செல்லக்கனியின் வீட்டுக்குப் போனோம். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் அந்தச் சந்துக்குள் மேம் வருவது அதுவே முதல்முறை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பதற்றத்தை மறைக்காமல் வந்தார். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள். தான் கொண்டுவந்த மடிக்கணினியை மேம் செல்லக்கனி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நீங்கதான் இன்னிக்கு வாரியம். முழுசும் பாருங்கோ. எங்கே வேண்டாமோ சொல்லுங்கோ, அங்கே நிறுத்தலாம்."

செல்லக்கனி முதலில் முகம்கொடுக்கவில்லை. பாட்டு ஓட ஓட, ஜெயராணியின் குரல் தெரிந்த வார்த்தைகளில் தெரிந்த சந்தின் கதையைச் சொல்லச் சொல்ல, மெல்ல மெல்லத் திரையை நெருங்கி உட்கார்ந்தார். தன் முகம் வந்ததும் கையால் திரையை மறைத்தார்.

"இது வேண்டாம்."

"சரி" என்றார் மேம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்லக்கனிதான் பேசினார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. வரிசைல நிக்கிறது பொய்யுன்னு சொல்லல. ஆனா ஏட்டி, நாள் பூரா இந்த மிஷின்ல ஒக்காந்திருக்கேனே, அது ஒங் கண்ணுல படலயா? வாளியோட நிக்கிறது மட்டுந்தான் பட்டுதா?"

ஜெயராணி தலை குனிந்திருந்தாள். அந்த வீட்டுக்குள்ளேயே சிறுவயதில் விளையாடியவள்தானே. "அப்ப அந்த எடத்துல நான் நிக்கேன் சித்தி. என் மூஞ்சிய வச்சுக்கிடுதேன்" என்றாள்.

செல்லக்கனி அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு மட்டும் நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டாமாக்கும்?"

"வந்து கேக்கட்டும். நான்தான்னு சொல்லுதேன்."

நான் மேமைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வார விடியற்காலையில் மறுபடியும் எடுத்தோம். இம்முறை ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டாள் ஜெயராணி. சிலர் மாட்டேன் என்று ஒதுங்கினார்கள். சிலர் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார்கள். வரிசையின் முன்னால் வாளியோடு ஜெயராணி, லென்ஸை நேராகப் பார்த்தபடி. வேடிக்கை பார்க்க வந்து குறுக்கே நின்றவர்களை விரட்டியது வேறு யாருமில்லை, செல்லக்கனிதான். "தள்ளுங்கல! படம் எடுக்கது தெரியலயா?" அவர் குரலுக்குச் சந்தே அடங்கியது. அன்று சாயங்காலம் நல்ல புடவை கட்டி மிஷினில் உட்கார்ந்தார். துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். பழைய முகத்தைவிட இந்த முகம் எத்தனையோ மடங்கு வலுவானது. இதை ஒட்டு சாராகவே சொல்கிறேன்.

முதல்வருக்கு அப்போதும் திருப்தி இல்லை. கழிப்பறை வரிசையைக் காட்டினால் கல்லூரிக்கு நல்ல பெயர் வராது என்றார். காரணத்தை எழுதித் தரும்படி மேம் மறுபடி கேட்டார். முதல்வர் பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டார். வீடியோ கல்லூரி விழாவில் ஓடியது. ஜெயராணி தேர்வில் தேறினாள். உல்லாஸ்நகர் சம்பந்தம் தட்டிப்போனது உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை. மேமும் அதை மறக்கவில்லை. மறு வருடம் கோவண்டியில் வேறொரு நல்ல குடும்பத்தில் செல்லக்கனியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் என்று பந்தியில் பரிமாறியபடியே செல்லக்கனி சொன்னபோது, மேம் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அவரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. மார்க் போடுவதில் கஞ்சம். ராப் என்றாலே முகம் சுளிப்பார். ஜெயராணியின் அந்தப் பாட்டுகூட அவருக்குக் கடைசிவரை காதுக்கு ஒத்துவரவில்லை. நான் புகை மிஷின் வாங்கச் சொன்னபோது துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "பாட்டுல விஷயம் இல்லேன்னாத்தான் புகை வேணும்" என்று சொல்லி என்னை உட்கார வைத்தார். ஒரு மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தினமும் தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

கடைசி நாட்களில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது நானும் ஜெயராணியும் போனோம். ஜெயராணி இப்போது செம்பூரில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் எடிட்டர். சொந்தமாகவும் பாட்டுகள் செய்கிறாள். புதிதாக முடித்த ஒன்றைக் காட்டுவதற்காகவே வந்திருந்தாள். படுக்கையை உயர்த்தச் சொல்லி, போனை மூக்கருகில் வைத்து, மேம் முழுவதும் பார்த்தார். காதைப் பிளக்கும் தாளம், குட்டைப் பாவாடையில் ரயில் மேம்பாலத்தில் ஆடும் பெண்கள், வாய்கொள்ளாத கிண்டல். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வலியோ என்று நான் பயந்தேன்.

"எல்லாரையும் கேட்டுண்டு எடுத்தியா?"

"ஒவ்வொருத்தரையும் கேட்டேன் மேம்."

"எனக்குத் துளிகூடப் பிடிக்கலேடி" என்றார். ஜெயராணியின் முகம் விழுந்தது. மேம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "யாராவது வெட்டச் சொன்னா விட்டுக்கொடுக்காதே. ஒரு ஃபிரேம்கூட."

அதுதான் நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிப் பேச்சு.

வருகிற திங்கட்கிழமை முதல் வல்லி மேமின் பாடத்தையும் நானே எடுக்கப் போகிறேன். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே மூச்சில் அதற்குக் காவலாகவும் நிற்கத் தெரிந்தவர் அவர். அந்த மூச்சைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.