அப்பா காவல் இருந்த பரீட்சை

எங்கள் வீட்டு கேட்டில் கொஞ்ச காலம் ஒரு பலகை தொங்கியது. 'அமைதி. பரீட்சை நடக்கிறது' என்று மலாயில் எழுதியிருக்கும். பாக்கார் ஆராங்கில் வரிசை வீடுகள் உள்ள தெரு எங்களுடையது. பக்கத்து வீட்டில் கார் கழுவுவார்கள், எதிர்வீட்டில் மீன் பொரிப்பார்கள், ரொட்டிக்காரர் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார். இந்த லட்சணத்தில் அப்படியொரு பலகையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. மாட்டிய அப்பாவுக்கு மட்டும் வரவில்லை.

அப்பா இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஜாகா. அதற்கு முன்னால் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார்; முதுகு போன பிறகு காவல் வேலைக்கு வந்தார். இரவு முழுக்கப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வருவார். அரசாங்கப் பரீட்சை நடக்கிற வாரங்களில் பகலிலும் நிற்கச் சொல்வார்கள். வினாத்தாள் கட்டு முத்திரையோடு வந்து இறங்குவது, பிள்ளைகள் பையை வெளியே வைத்துவிட்டு வரிசையாக மண்டபத்துக்குள் போவது, அதற்குப் பிறகு ஒரு காக்கா கத்தினாலும் அதிகாரி திரும்பிப் பார்ப்பது, இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்வார். அம்மா தவறிய பிறகு எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. இதைப் பேசினோம்.

பள்ளி முடிகிற பாரம் ஃபைவில் வரும் எஸ்.பி.எம். பரீட்சையை நான் நன்றாகவே எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மனு போட்டேன், கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தேன், அதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், சுங்கைப்பட்டாணியில் கில்லாங்கு என்று நாங்கள் சொல்லும் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பச்சை நிறச் சர்க்யூட் பலகைகள் வரும். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து ஈயம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும். இதற்குள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"அது உனக்கு எதுக்கு? நீ ஈயத்த மட்டும் பாரு லா" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். அறிவுத்தாகம், அது இது என்றெல்லாம் நான் அளக்கப் போவதில்லை.

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தன்னுடைய பாடங்களை இணையத்தில் அப்படியே போட்டு வைத்திருக்கிறது. வகுப்பில் எடுத்த வீடியோக்கள், குறிப்புகள், வீட்டுக் கணக்குகள், அங்கே வைத்த பரீட்சைகளின் தாள்கள், அவற்றுக்கான விடைகள், எல்லாம் இருந்தன. பணம் கேட்கவில்லை. மனு கேட்கவில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மனு போட்டுப் போட்டு அலுத்த ஒருத்திக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். கதவு திறந்து கிடந்தது, நான் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மின்சுற்றுகள் பற்றிய பாடம் அது. முதல் வகுப்பிலேயே கணக்கு காலை வாரிவிட்டது. அந்தக் கணக்குக்கென்று தனியாக ஒரு பாடம் இருந்தது. அதைப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வீடியோ எடுத்து நெடுங்காலம் ஆகியிருக்கும். கேமரா பின்னாலிருந்து பார்க்கும். முன்வரிசைப் பிள்ளைகளின் பின்னந்தலைகள் எல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டன. ஒருவன் வகுப்புதோறும் பிந்தியே வருவான். இவ்வளவு கிடைத்தும் உனக்கு நேரத்துக்கு வர வலிக்கிறதா என்று போனைப் பார்த்துத் திட்டுவேன்.

அப்பா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர், தூங்க வேண்டிய நேரம். இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. பேராசிரியர் கரும்பலகையை நிரப்பிவிட்டு அழிக்கும்போது மட்டும் பதறுவார்.

"இவ்ளோ எழுதிட்டு அழிக்கிறாரே. நீ எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுதிட்டேம்ப்பா."

"சரி. அப்ப அழிக்கட்டும்."

பரீட்சைத் தாளை எழுதிப் பார்க்கும் கட்டம் வந்தது. விடைகள் அதே பக்கத்தில்தான் இருந்தன. ஒரு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. கேள்வித்தாளைக் கடையில் பிரதி எடுத்து வந்து, போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

"முடியிற வரைக்கும் இத எங்கிட்ட குடுக்காதீங்கப்பா. கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதீங்க. யுனிவர்சிட்டி பரீட்ச எழுதப் போறேன்."

அப்பா உள்ளே போய்ச் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். போனைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். வாசலுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். அடுத்த பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தப் பலகையைக் கேட்டு வாங்கி வந்து கேட்டில் மாட்டிவிட்டார். முடிய பதினைந்து நிமிடம் இருக்கும்போது, "லாகி லீமா பெலாஸ் மினிட்" என்று அறிவிப்பார். அதிகாரிகள் மண்டபத்தில் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய மலாய் அது. பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தால், உதட்டில் விரலை வைத்து, "அமெரிக்கா பரீட்ச. பொறவு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த நாட்களில் நான் எழுதியதுபோல் பள்ளிக்கூடத்தில்கூட எழுதியதில்லை. எனக்கென்று ஒரு மண்டபம், எனக்கென்று ஒரு காவலர். சந்தோஷமாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தெரிந்த பரீட்சைகள் எல்லாம் ஒரே மாதிரி. காவல் இருக்கிற இடத்தில் பரீட்சை இருக்கும், பரீட்சைக்குப் பின்னால் சிஜில் என்கிற சான்றிதழ் வரும், சிஜிலுக்குப் பின்னால் கொன்வோ என்கிற பட்டமளிப்பு விழா. எந்த வீட்டுக் கூடத்துக்குப் போனாலும் அங்கியும் தொப்பியுமாகப் பிள்ளையின் கொன்வோ படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். எங்கள் கூடத்துச் சுவரில் அப்பா ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். நாட்காட்டிக்கு என்று நினைத்தேன்.

பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் வருஷா வருஷம் போவோம். தோட்டத்துக் குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறிப்போனாலும் அன்றைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். அன்னதானம் முடிந்ததும், பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அந்த வருஷம் அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், கோயில் வேலியில் கட்டியிருந்த பேனரில் மற்றப் பிள்ளைகளோடு என் முகம். கீழே அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

 கோயில் தலைவரைத் தேடிக்கொண்டு சமையல் கொட்டகைப் பக்கம் போனேன்.

"அண்ணே, நான் அங்க சேரல. அவங்க பாடத்த இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. நான் வீட்ல படிக்கிறேன், அவ்ளோதான். பேனர்ல என் படம் வேணாம்."

"பரீட்ச எழுதுறன்னு அப்பா சொன்னாரே?"

"எழுதுறேன். நானே எழுதி நானே திருத்திக்குவேன்."

"அப்ப யார் வேணும்னாலும் படிக்கலாமா?"

"நீங்ககூட படிக்கலாம்ணே."

அவர் கெட்டவர் இல்லை. மேடையில் ஏறிய பிறகு வம்பு வரக்கூடாதே என்கிற பதற்றம். ஆனால் வாய் சும்மா இருக்காத ஆள். அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த ஆட்கள் நடுவில் அப்பாவைக் கூப்பிட்டார்.

"என்னண்ணே, வீட்ல வீடியோ பாக்குறதையா யுனிவர்சிட்டின்னு சொன்னீங்க? நல்ல வேள, பொண்ணு வந்து சொல்லிருச்சு."

இரண்டு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்கள். சிரித்தவர்களே தேவலாம். பேனரைக் கழற்ற நேரமில்லை என்று என் முகத்தின் மேல் வெள்ளை மாஜோங் தாளை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டி முடிகிற வரைக்கும் அப்பா அங்கேயே நின்று பார்த்தார். பிறகு, "போலாம்மா" என்றார். சாப்பிடாமல் வந்தோம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்.

"சிஜில் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

"நீ எழுதுனது அவங்களுக்குப் போவலையா?"

"போவாது. ஆனா அங்க படிக்கிற பிள்ளைங்களுக்கு வச்ச அதே தாளுப்பா. அதே கேள்வி. நான் பாஸ் பண்ணியிருக்கேன். எனக்கு எல்லாம் புரியுதுப்பா, ஒவ்வொண்ணும்."

"யாருக்குமே தெரியாதா, நீ எழுதுனது?"

நான் செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

"அப்ப நான் எதுக்கும்மா காவல் இருந்தேன்?"

கோபத்தில் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். திருடு போகிற பொருள் எதுவும் இல்லாத கட்டடத்தில் ராத்திரியெல்லாம் நிற்க வைக்கப்பட்ட ஆள் கேட்பதுபோல் கேட்டார். அன்றும் சரி, இன்றும் சரி, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத்தான் வரவில்லை.

மறுநாள் பலகை கேட்டில் இல்லை. ஆணியில் எதுவும் மாட்டவில்லை, அதைப் பிடுங்கவும் இல்லை. நான் அடுத்த பாடத்தைத் தொடங்கினேன். விட்டுவிட்டால் அப்பா நினைப்பது சரியென்று ஆகிவிடும் என்கிற வீம்பு. வகுப்பு வீடியோ ஓடும்போது அவர் அறைக்குள் தூங்குவார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருப்பார். பரீட்சை எழுதுகிறேன் என்று சொன்னால் மோட்டாரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார். போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் எழுந்து போய்க் கறிவேப்பிலை பறித்துக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதினேன். எத்தனையோ முறை கண்ணீர் விழுந்து மை கலைந்திருக்கிறது. பாடம் கஷ்டமாக இருந்ததால் இல்லை.

இரண்டாவது பாடத்தையும் போன மாதம் முடித்தேன். கடைசித் தாளைத் திருத்திப் பார்த்தபோது, முதல் பாடத்தைவிட நன்றாக எழுதியிருந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டேம்ப்பா" என்றேன்.

"சரிம்மா. சாப்பிட்டியா?" என்றார்.

அந்த வாரக் கடைசியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சுங்கைப்பட்டாணியில் ஒரு மண்டபத்தில். மெர்போக்கிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அப்பாவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"மக என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார் அவர்.

புக்கிட் செலம்பாவ் முழுக்க என் படிப்பைச் சொல்லித் திரிந்த மனிதர் என் அப்பா. எது உண்மை, எது இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். நிதானமாக யோசித்து, தப்பில்லாமல் சொன்னார்.

"பாரம் ஃபைவ்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் படிக்கல. கில்லாங்கு வேலைதான்."

தண்ணீரை மேசையில் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்து, "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.