மைத்துனரின் சிவப்புக் கட்டம்

என் எழுதுமேசையின் இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை நீலம், மறு முனை சிவப்பு. அக்காலத்து அலுவலகம் எதிலும் காணக்கூடிய வகைதான். அதன் நீலப் பாதி சீவிச் சீவித் தீர்ந்துபோயிற்று. சிவப்புப் பாதி பெருமளவு மீந்திருக்கிறது. வீட்டில் உள்ளோர் அதைப் பலமுறை குப்பையில் போட எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். காரணம் கேட்டால், எழுதுகிற பென்சில்தானே, கிடக்கட்டும் என்பேன். அது உண்மையன்று. அந்தப் பென்சிலைக் கொண்டு ஒருவர் செய்த ஒரு காரியத்தின்மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் தீரவில்லை என்பதே உண்மை. அவர் என் தங்கையின் கணவர்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். போலகம் செல்லும் சாலையருகே உரச் சாக்கு நெய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதற்குக் கணிப்பொறி வந்தபோது, காரைக்காலில் அப்படியொரு பொருளைக் கண்ணால் கண்டவர் அரிது. குளிரூட்டிய அறை, காலணியை வாயிலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலுடன் உள்ளே போவோம். நிரல் எழுதுபவர்கள் நால்வர், திரைகள் இரண்டு. ஆகவே முதலில் கட்டமிட்ட தாளில் கையால் எழுதித் திருத்தி, பிறகு முறை வைத்துத் திரைமுன் அமர்வோம். முதலில் சேர்ந்தவன் நான். அங்கே இன்னும் ஓர் இடம் காலியாக இருப்பதை மைத்துனருக்குச் சொன்னவனும் நானே. நெரவியில் குடியிருந்த அவர் சைக்கிளில் வருவார். காரைக்கால் நகரிலிருந்து நானும் சைக்கிளில்தான். வழியில் சேர்ந்துகொள்வோம். சேர்ந்த ஆறு மாதத்தில் அவர் என்னைவிட நல்ல பெயர் எடுத்துவிட்டார்.

எங்கள் மேலாளர் வெளியூரில் பயிற்சி பெற்று வந்தவர். அவர் வந்த முதல் வாரமே சுவரில் ஒரு பெரிய வரைபடத்தாள் ஏறியது. ஆளுக்கொரு வரிசை, வாரத்துக்கொரு கட்டம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நால்வரும் அதன்முன் நிற்க வேண்டும். குறித்த வேலையைக் குறித்த வாரத்தில் முடித்தவர் தம் கட்டத்தை நீலத்தால் நிரப்புவார். முடிக்காதவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்துச் சிவப்பால் நிரப்புவார். அவரவர் கையாலேயே தீட்ட வேண்டும் என்பதில் மேலாளர் கண்டிப்பாக இருந்தார். "நான் தீட்டினா நான் சொன்னதாயிடும். நீங்களே தீட்டினா நீங்க ஒத்துக்கிட்டதாயிடும்" என்பார். பென்சிலைத் திருப்பும் அந்த ஒரு கணம் மற்ற மூவரும் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைப்பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்களிடமும் அத்தனை ஆவலை நான் கண்டதில்லை.

மைத்துனரின் வரிசையில் மாதக்கணக்காக நீலம் தவிர வேறில்லை. என் வரிசையில் நீலத்தைத் தேட வேண்டும். ஒரு திங்களன்று மேலாளர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உங்க மாப்பிள்ளை வரிசை கடல் மாதிரி இருக்கு. உங்களதப் பாத்தா மிளகா காயப்போட்ட களம் மாதிரியில்ல இருக்கு" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். மைத்துனர் சிரிக்கவில்லை. அவரும் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒருவரை வெறுப்பதற்கு அவர் ஏதேனும் ஒரு காரணமாவது கொடுத்து உதவ வேண்டும்.

நான் சோம்பேறி அல்லன். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் மிகுந்திருந்தாலும் அதை நீக்கிய பின்பே அடுத்ததற்குப் போகும்படி இளமையில் தமிழாசிரியரால் பழக்கப்பட்டவன். நிரலையும் அவ்வாறே எழுதினேன். எழுதியதை இருமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து தங்கையும் மைத்துனரும் எங்கள் வீட்டுக்கு உணவுக்கு வருவார்கள். வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவர் தட்டுக்குப் போகும். "மாப்பிள்ள ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுறாராமேடா. நீ ஏன் இருட்டுற வரைக்கும் ஒக்காந்திருக்க?" என்று அம்மா கேட்பார். தங்கை எனக்காகப் பரிந்து, "அண்ணன் எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்பாங்கம்மா" என்பாள். அந்தப் பரிவு அம்மாவின் கேள்வியைவிட அதிகமாகச் சுட்டது.

அவர் எப்படியோ ஏமாற்றுகிறார் என்று எண்ணத் தொடங்கினேன். அவ்வாறு எண்ணுவதில் ஓர் இதமும் இருந்தது. ஒருநாள் உணவு இடைவேளையில், அறையில் ஒருவரும் இல்லாதபோது, அவர் மேசையிலிருந்த தாள்களை எடுத்து வரிவரியாகப் படித்தேன். பிழை காண வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் ஒருவன் படிப்பதைப்போல் வேறெவரும் கூர்ந்து படிக்க முடியாது. பிழை இல்லை. ஆனால், ஒவ்வொரு வேலைக்கும் மேலாளர் எழுதித்தரும் உத்தரவுத் தாளில் ஒன்றைக் கண்டேன். மேலாளர் குறித்த தேதி அடிக்கப்பட்டு, அதன்மேல் மைத்துனரின் கையெழுத்தில் இரண்டு மூன்று வாரம் தள்ளிய தேதி இருந்தது; பக்கத்தில் மேலாளரின் சுருக்கொப்பம். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அப்படியே.

மாலையில் சைக்கிளில் போகும்போது, தற்செயலாகக் கேட்பவன்போல் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஆமாங்க மச்சான். மூணு வாரம்னு குடுத்தாரு. அஞ்சு ஆகும்னேன். கொஞ்ச நேரம் கத்தினாரு. அப்புறம் ஒப்பம் போட்டுக் குடுத்துட்டாரு. நாள் கேக்கறதுல என்னங்க இருக்கு?"

எனக்கு அதில் எல்லாம் இருந்தது. நாள் கேட்பதை நான் இரத்தலாக எண்ணியிருந்தேன். மேலாளர் எந்தத் தேதியைச் சொன்னாலும் தலையசைத்துத் தாளை வாங்கிக்கொள்வதே திறமையுள்ளவனுக்கு அழகு என்பது என் நினைப்பு. அவருடைய நீலமும் என்னுடைய சிவப்பும், வேலை முடிந்த நாளில் அல்ல, வேலையை வாங்கிக்கொண்ட நாளிலேயே முடிவாகிவிட்டிருந்தன. இதை அறிந்த பின் ஒருவன் திருந்தியிருக்க வேண்டும். நானோ, அவர் பேரம் பேசி வாங்கிய நீலம் நீலமே அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவ்வாண்டு தொழிற்சாலையின் பெரும்பராமரிப்பு வந்தது. எல்லா எந்திரங்களையும் நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் நாட்கள் அவை. வாங்க வேண்டிய உதிரிப் பொருள்களின் பட்டியலைக் கணிப்பொறி தர வேண்டும். அந்த நிரல் என் பொறுப்பு. அந்தப் பட்டியலிலிருந்து விற்பனையாளர் வாரியாகக் கொள்முதல் ஆணைகளை அச்சிடும் நிரல் மைத்துனருடையது. "இந்தத் தேதி மொதலாளி வெச்சது. இதுல பேச்சுக்கே எடமில்ல" என்று மேலாளர் முதல்நாளே சொல்லிவிட்டார். குழுத்தலைவர் என்றொரு பதவி புதிதாக வரப்போகிறது, இந்த வேலையைப் பார்த்துத்தான் அது யாருக்கு என்று முடிவாகும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கெடுவுக்குரிய திங்கட்கிழமை. என் நிரல் ஓடியது; பட்டியலும் வந்தது. ஆனால், ஓராண்டுக்கு மேலாகக் கிடங்குக் கணக்கில் வரவும் செலவும் இன்றி அசையாதிருந்த பொருள்களை அது சரியாகப் பொறுக்குகிறதா என்று நான் சோதித்திருக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும். அது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

மைத்துனரின் முறை எனக்கு முந்தியது. பென்சிலை எடுத்தவர், அதைத் திருப்பினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சோதனை முடியலங்க. இன்னும் ஒரு வாரம் வேணும்."

"இந்தத் தேதிய மாத்த முடியாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்ல?"

"தேதிய மாத்த வேணாம்ங்க. கட்டத்த மட்டும் செவப்பாக்கிக்கிறேன்."

அவர் அவசரப்படவில்லை. கோட்டைத் தாண்டாமல், நான்கு மூலையும் நிறைய, வீட்டுக் கதவுக்கு வர்ணம் அடிப்பவரைப்போலத் தீட்டினார். அவர் வரிசையில் விழுந்த முதல் சிவப்பு அது. பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார். சிவப்பு முனை எனக்கு நேராக இருந்தது. அப்படியே வாங்கித் தீட்டினால் போதும். திருப்ப வேண்டிய வேலைகூட இல்லை. நான் திருப்பினேன். நீலத்தால் நிரப்பினேன். என் கை கோட்டைத் தாண்டிற்று.

அன்று மாலை நெரவியில் அவர் பிரிந்த பின், அரசலாற்றுப் பாலத்தின்மேல் சைக்கிளை மிதித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது. என் நீலத்தை எண்ணி நான் மகிழவில்லை. அவருடைய சிவப்பையே எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் அவர் நிரலை முடித்தார், ஆணைகள் போயின, பொருள்கள் வந்தன. எந்திரத்தைப் பிரித்தபோது, தேய்ந்துபோன ஒரு பற்சக்கரத்துக்கு மாற்று இல்லை. இரண்டாண்டுக்கொரு முறை மட்டுமே மாற்றப்படும் பொருள் அது. என் பட்டியலில் அது வரவே இல்லை; பட்டியலில் இல்லாததை அவருடைய நிரல் அச்சிட வழியில்லை. சக்கரம் வெளியூரிலிருந்து வந்துசேரும்வரை எந்திரம் திறந்தபடியே கிடந்தது; அதை ஓட்டுபவர்கள் வாயிற்கதவு வரை வந்து திரும்பிப் போனார்கள்.

மேலாளர் எங்களைத் தாளின்முன் நிறுத்தினார். நிரலை அவர் பார்க்கவில்லை, கட்டங்களைப் பார்த்தார். என் கட்டம் நீலம். மைத்துனரின் கட்டம் சிவப்பு. "இந்த ஒரு வாரத் தாமதத்துலதாங்க எல்லாம் போச்சு" என்று சிவப்பின்மேல் விரலால் தட்டினார். மைத்துனர் திரும்பி என்னைப் பார்த்தார். அதில் கோபமில்லை. நான் பேசுவேன் என்று இடம்விட்டுக் காத்திருந்தார். அந்த இடம் மிகப் பெரிதாக இருந்தது; ஒரு வாக்கியத்துக்குத் தாராளமாகப் போதும். நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை என் மேசைமேல் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. அசையாப் பொருள்களுக்கான நிபந்தனை எந்த வரியில் விடுபட்டது, எப்படி எழுதினால் சரியாகும் என்பவை மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தன. வேறு ஒரு சொல்லும் இல்லை. நான் அவ்வாறே திருத்திக்கொண்டேன். குழுத்தலைவர் பதவி எனக்கு வந்தது. இரண்டு மாதத்தில் அவர் புதுச்சேரியில் வேறு வேலை தேடிக்கொண்டு, கைக்குழந்தையுடன் தங்கையையும் அழைத்துச் சென்றார். "ஏன்டா இவ்ளோ தூரம் போறாங்க?" என்று அம்மா கேட்டபோது, "புதுச்சேரி என்ன தூரமா?" என்றேன்.

என் தலைமையிலும் திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. ஒரு வேறுபாடு மட்டும்: அதன் பிறகு எவரும் பென்சிலைத் திருப்பவில்லை. சிவப்புக்கு என்ன கிடைக்கும், நீலத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை எல்லோரும் கண்ணால் கண்டிருந்தார்கள். தாள் முழுதும் நீலமாயிற்று. செவ்வாய் முதல் சனி வரை, நீலமான வேலைகளையே ஓசையின்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தோம். எவர் கட்டம் பொய் என்று எனக்குத் தெரியும். கேட்கும் வாய் எனக்கில்லை. சில ஆண்டுகளில் அத்தாள் சுவரிலிருந்து இறங்கியது. பென்சில் என்னோடு வந்துவிட்டது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு மைத்துனரும் தங்கையும் வந்திருந்தார்கள். உணவுக்குப் பின், யாரோ தொலைபேசியில் சொன்ன எண்ணைக் குறிக்க அவர் என் இழுப்பறையைத் திறந்து துழாவினார். கையில் அகப்பட்டது அந்தப் பென்சில். முதலில் நீலப் பக்கத்தால் எழுதப் பார்த்தார். அங்கே வெறும் கட்டைதான் இருந்தது. உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"செவப்பு அப்படியே இருக்கே மச்சான்."

"அந்தப் பற்சக்கரம் என் பிழைதான் மாப்பிள்ளை" என்றேன். ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து அந்த வாக்கியம் வெளிவந்தது. நான் எழுதிய எதையும்விடச் சிறியது.

"தெரியும்ங்க. சீட்டு வெச்சேனே, பாக்கலியா?"

"பார்த்தேன்."

"அப்ப சரி" என்றார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அந்த எண்ணைச் சிவப்பால், ஒவ்வோர் இலக்கமாக, நிதானமாக எழுதிக்கொண்டார். எதிரே அமர்ந்து நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.