அக்ராவிலிருந்து டக்கார் வரை

அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு ஆறு நாள் இருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவு மலரில் அப்பாவின் வாழ்க்கை வரலாறு இரண்டு பக்கம் வர வேண்டும். அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். புருசெத்தில் உள்ள பெற்றோர் வீட்டின் குசினி மேசையில் உட்கார்ந்து சாருகா எழுதினாள். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், சுரங்க ரயில் பெட்டிகளைக் கழுவிய இருபத்தாறு வருடம். எல்லாம் எழுதியாயிற்று. ஒரு வரியில் மட்டும் நின்றுவிட்டாள்.

1987இல், அகதியாக வரும் வழியில், அப்பா சிவானந்தன் அக்ராவிலிருந்து டக்காருக்குப் போனார். எப்படி?

விமானங்களுக்கு வழி கணிக்கும் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. அந்த இரண்டு ஊருக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டாயிரத்து நூற்றைம்பது கிலோமீற்றர். எட்டு வருடத்துக்கு முன், ட்வெய்ட்டாவில் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் மண்டபத்திலும் இந்தக் கணக்கைத்தான் சொன்னாள். காசு வாங்கிக்கொண்டு கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் கைவிட்டுப் போனதையும், டக்கார் போய்ச்சேர ஏழு மாதம் எடுத்ததையும் அப்பா மைக்கில் சொல்லத் தொடங்கியிருந்தார். அவள் கைபேசியைப் பார்த்துவிட்டு இடையில் புகுந்தாள்.

"அப்பா, பிளேனிலை மூண்டு மணித்தியாலம்தான். நீங்கள் என்ன, நத்தையிலையே வந்தனீங்கள்?"

மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு கேக் வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும், மூன்று மணித்தியாலம், மகள் கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்பார். அதைப் பகிடி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

அக்ராவில் அப்பாவோடு இருந்த ஜோர்ஜ் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவருக்கு முதலே விமானச் சீட்டுக் கிடைத்துவிட்டதாம். "அந்தப் பாதை எனக்குத் தெரியாது பிள்ளை. கடைசியா நான் கேக்கவும் கொப்பர் மூண்டு மணித்தியாலம் எண்டுதான் சொன்னவர்."

அம்மா யோகராணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். யன்னல் அகலத் திறந்திருந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு. சின்ன வயதிலிருந்தே இந்த யன்னலுக்காக ஜாக்கெட் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்து, முணுமுணுத்தவள் சாருகா. இனியாவது அதைச் சாத்தும்படி சொன்னாள்.

அம்மா கத்தியை வைத்தாள். "கை பழகிட்டுது. கொப்பாவுக்கு இந்த மணம் ஆகாதெல்லே. வெங்காய லொறியிலை, மூட்டையளுக்குள்ளை ஒளிச்சு வந்தவராம். பக்கத்திலை கிடந்தவர் பிறகு எழும்பேல்லையாம்."

"பிறகு?"

"அதுக்கு மேலை நான் கேக்கேல்லை. உன்னட்டைச் சொல்லுவார் எண்டு நினைச்சன். நீதானே படிச்சனீ."

சாருகா எழுந்து யன்னலருகில் போனாள். சாத்தவில்லை. திரும்பி வந்து எழுதினாள்.

அம்மா தோளுக்கு மேலால் வாசித்தாள். "இப்பிடியெல்லாம் கல்வெட்டிலை போடுறதில்லை பிள்ளை."

தெரியும் என்றாள் சாருகா. ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சகத்துக்கு அனுப்பினாள்.

'அக்ராவிலிருந்து டக்கார் வரை ஏழு மாதம். ஒரு பகுதி வெங்காய லொறியில். உடன் வந்த ஒருவர் வழியில் இறந்தார்; பெயர் தெரியாது. மீதிப் பாதையைச் சிவானந்தன் சொல்லத் தொடங்கினார். மகள் கேட்கவில்லை.'