முழங்காலுக்குக் கீழே வெளிச்சம்

பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்து விழும். தெருமுனையில் வண்டி உறுமினால் அது பளிச்சென்று ஏறும், பள்ளத்துக்காக வேகம் குறைந்தால் வேட்டியில் பட்ட காப்பிக் கறை அளவுக்கு மங்கிப்போகும், மறுபடி உறுமல், மறுபடி வெளிச்சம். அந்த வண்டியின் விளக்குக்கு இன்ஜின் ஓடும் வேகத்தில்தான் உயிர் என்பதை நான் சுவரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கடைசியாக ஒரு முறை ஏறி இறங்கி அது அணைந்தால் அம்மா வாசலில் இருக்கிறாள் என்று அர்த்தம், நான் தட்டை எடுத்து வைத்துவிடலாம்.

காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில், மெயின் ரோட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கு அம்மாதான் கிராம நர்சு. சுற்றியுள்ள பட்டிகளுக்கும் அவள்தான். மலேசியாவுக்கு வேலைக்குப் போன மாமா தன் பழைய பைக்கை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுப் போனபோது, அதை அப்பா ஓட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காரைக்குடியில் குமாஸ்தா வேலை பார்த்த அப்பாவுக்கு நாலு சக்கரத்துக்குக் குறைந்த எதிலும் நம்பிக்கை கிடையாது. குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக பஸ்ஸுக்குத்தான் நிற்பார். கோடையில் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், புடவையை இழுத்துச் செருகி, இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்து, ஆடு மேய்க்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க ஓட்டக் கற்றுக்கொண்டவள் அம்மாதான். "ஆம்பளை பஸ்ஸுல போறாக, பொம்பளை பைக்குல போகுது, கலி முத்திப் போச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர் வீட்டு மருமகளுக்கு வலி எடுத்த அன்று, "நர்சம்மா வண்டி எங்குட்டு நிக்குது?" என்று தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு ஓடியவரும் அவரேதான்.

அம்மாவுக்கு முன்னால் இருந்த நர்சு வெளியூர்க்காரர். சாயங்கால பஸ்ஸுக்கு அவர் போய்விட்டால், பிறகு வலி எடுக்கிற பெண்ணை மாட்டுவண்டியில் போட்டுத் திருப்பத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும். வழியிலேயே பிறந்த பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள், பிறக்காமல் போனவர்களும் உண்டு. அம்மா ஊரிலேயே குடியிருந்ததாலும் அந்த வண்டியினாலும்தான் அந்தக் கதை முடிவுக்கு வந்தது. அதனால் அந்த மார்கழியில் அவள் விழுந்து எழுந்து வந்தபோது பயந்தது எங்கள் வீடு மட்டும் இல்லை.

கண்மாய்க்கரைத் திருப்பத்தில் ஒரு பள்ளம். அதற்காக அம்மா வேகத்தைக் குறைத்தாள், வேகம் குறைந்ததும் விளக்கும் குறைந்தது, பள்ளம் தெரிய வேண்டிய நேரத்தில் பார்த்து இருட்டு. கை பிசகி, முட்டி சிராய்த்து, தடுப்பூசிப் பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்தாள். அப்பா மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே, சத்தமே போடாமல் சொன்னார்: "இன்னொருக்கா விழுந்துட்டு வந்தியன்னா வண்டிய வித்துருவோம். டவுனுக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுரு." சத்தம் போடாமல் அப்பா சொல்வதெல்லாம் நடந்துவிடும். அம்மாவுக்கும் அது தெரியும்.

"கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா? லைட்டை மாத்திருவோம்" என்றாள் அம்மா. கை சரியானதும் தை மாதத்தில் ஒருநாள் திருப்பத்தூர் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டாள். விளக்குக்கு இன்ஜினை நம்பாமல் நேராகப் பெரிய பேட்டரியிலிருந்தே கரண்டு வருகிறமாதிரி தடித்த ஒயர் இழுத்து, விளக்கின் கூடான துருப்பிடித்த பழைய "டூமை"க் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடியும் உள்தகடுமாகப் புதிய டூம் ஒன்றைப் பூட்டி, இருப்பதிலேயே பெரிய ஆலஜன் பல்பையும் போட்டார் அவர். "லாரிக்காரனே ஒதுங்கிப் போவான்க்கா" என்றார். அப்பா நேரத்தோடு வராத நாட்களில் நான் அம்மாவோடுதான் சுற்றுவேன், அன்றைக்கும் கூட இருந்தேன். பொழுது மங்கத் தொடங்கியதும் பின்சீட்டில் நான், எனக்குப் பின்னால் கேரியரில் மருந்துப்பெட்டி என்று கிளம்பினோம்.

என்ன வெளிச்சம் அது! ரோட்டில் கிடந்த புளியம்பழ ஓடு தெரிந்தது, மைல்கல்லின் எழுத்து தூரத்திலேயே தெரிந்தது, வண்டி நின்றாலும் விளக்கு மங்கவில்லை. அம்மா வேண்டுமென்றே நின்று நின்று பார்த்துச் சிரித்தாள். அது பழனிக்குப் பாதயாத்திரை போகிற பருவம். குன்றக்குடிப் பக்கத்திலிருந்து காவடியும் தோள்பையுமாகக் கூட்டம் கூட்டமாக எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். நர்சம்மாவுக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன், அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது, "அரோகரா" என்று பதிலுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் கொத்தமங்கலத்துப் பெரியவர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மேலே நடக்க முடியாமல் எங்கள் ஊர்ச் சாவடிக்கே திரும்பிவந்து ராத்திரி தங்கியவராம். கருவேல முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்திருந்தது.

"ரோட்ட விட்டு எதுக்குய்யா எறங்குனீக?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தாள்.

"நானா எறங்குனேன்? எவனோ ஒருத்தன் ஆத்தா, சூரியனை வண்டியில கட்டிக்கிட்டு வந்தான். கண்ணு அவிஞ்சு போச்சு. கையை வச்சு மறைச்சும் ஒண்ணும் தெரியல, ஒதுங்குனா முள்ளு. இதுல அரோகரான்னு சத்தம் வேற!"

நான் அம்மாவைப் பார்த்தேன். பேசாமல் முள்ளை எடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அது நாந்தாங்கய்யா" என்றாள்.

பெரியவர் வலியோடு வலியாக ஒரு சிரிப்பு சிரித்தார். "நல்லாருக்கு போ. ராத்திரி முள்ள ஏத்திவிட்டுட்டு காலையில எடுத்தும் விடுறியாக்கும்" என்றவர், காலை அவள் மடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

அம்மாவின்மேல் எனக்கு அதுவரை இருந்தது பிள்ளைப் பாசம். அன்றைக்கு மரியாதை வந்தது.

மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகத் திருப்பத்தூர் போய்வந்தாள். மெக்கானிக் தன் கடை ஷட்டரில் விளக்கை அடித்துக் காட்டி, "தரையைத்தானக்கா பாக்குது, அவுக கண்ணுலதான் கோளாறு" என்று சாதித்தாராம், வேண்டுமானால் கண்ணாடியில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தருவதாகவும் சொன்னாராம். அம்மா ஒப்பவில்லை. பாதி வெளிச்சத்தோடு மறுபடி பள்ளத்தில் விழுந்தால் மாத்தல்தான். முழு வெளிச்சத்தோடு போனால் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் முள்ளில் இறங்க வேண்டும். இரண்டில் எதற்கும் அவளுக்கு மனசு இல்லை.

எங்கள் தெருவில் செட்டியாரின் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டு மதில், தெரு நீளத்துக்கும் வெள்ளை வெளேரென்று முட்டைச் சுண்ணாம்பு பூசி, கை வைத்தால் வழுக்கும். இருட்டத் தொடங்கியதும் அதற்கு எதிரே வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டாள். சாவடியிலிருந்து பெரியவரும் கட்டுப் போட்ட காலோடு வேடிக்கை பார்க்க வந்து, தானாகவே மதிலோரம் போய் நின்றுகொண்டார். வெளிச்சம் அவர் முழங்காலோடு நின்றது. மெக்கானிக் சொன்னது சரிதான். அம்மா குழம்பிப்போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏறி உக்காரு."

நான் ஏறினேன். அப்போது நான் கொழுகொழுவென்று இருப்பேன், பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் "ஆட்டுக்கல்". மருந்துப்பெட்டியையும் கட்டினாள், தானும் உட்கார்ந்தாள். பின்பக்கம் அமுங்கி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டது. முழங்காலிலிருந்த வெளிச்சம் இடுப்பு, மார்பு என்று ஏறிப் பெரியவரின் முகத்தில் போய் அடித்தது. அவர் கையைத் தூக்கி மறைத்தார். முதல்நாள் நாங்கள் வாங்கிக்கொண்ட "வணக்கம்" அதேதான்.

காலி வண்டியை வைத்துச் சரிபார்த்ததுதான் தப்பு. அம்மா இறங்கி, டூமின் இரண்டு பக்க போல்ட்டையும் நெகிழ்த்தி, நான் மேலே உட்கார்ந்திருக்கும்போதே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியவைத்தாள். வெளிச்சம் மறுபடி முழங்காலுக்கு இறங்கியதும், "ஆத்தா, இப்பக் கூசல" என்றார் பெரியவர். அந்த இடத்தில் மதிலில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தாள். "செட்டியார் வந்தாகன்னா என்னையத்தான் கேப்பாக" என்று அந்த வீட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். "பாதயாத்திரைக்காரகளுக்குப் போட்ட கோடுன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. மறுநாள் பெரியவர் நொண்டிக்கொண்டே கூட்டத்தோடு பழனிக்குப் புறப்பட்டுப் போனார்.

அதே வாரம், விளக்கு வைக்கும் நேரத்தில் கண்மாய்க்கு அங்குட்டு இருந்து ஆள் வந்தது, தலைச்சன் பிள்ளை, வலி கண்டுவிட்டதாம். அம்மா கிளம்பும்போது, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா, "நானும் வாரேன்" என்றார். அம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பின்சீட்டில் ஏறச்சொல்லி, வண்டியை மதிலுக்கு நேராகத் திருப்பி, கோட்டுக்கு மேலே போன வெளிச்சத்தை போல்ட்டை நெகிழ்த்திக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். நான் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வாழ்நாளில் முதன்முறையாக இரண்டு சக்கரத்தில் உட்கார்ந்த அப்பா, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரே வந்த யாத்திரைக்காரர்களில் ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை, காலுக்கு முன்னால் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்துபோனார்கள். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் அம்மா வேகத்தைக் குறைத்ததும் அப்பா கத்திவிட்டார், "பள்ளம் பள்ளம்! பாத்துட்டியா?"

"நீங்களே பாத்துட்டீகள்ல, அப்பறம் என்ன" என்று அம்மா சுற்றி ஓட்டிப் போனாளாம். அன்றைக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். மாத்தல் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அம்மா ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே ஊரில்தான் நர்சு.

போன தையில் நான் ஊருக்குப் போயிருந்தேன். அந்த வண்டி இல்லை. பெரிய வீடு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டல், மதிலுக்கு இளமஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கரிக்கோடு எந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கிறதோ தெரியவில்லை. பாதயாத்திரைக்காரர்கள் பையில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள். எதிரே வருகிற வண்டிகளின் வெள்ளை வெளிச்சத்தில் அவர்கள் கை முகத்துக்கு ஏறி ஏறி இறங்குகிறது, அதை யாரும் வணக்கம் என்று நினைப்பதுகூட இல்லை.

கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போக என் ஸ்கூட்டரை எடுத்து, மகளைப் பின்னால் ஏற்றினேன். விளக்கைப் போட்டதும் வாசலில் நின்ற அம்மா கையால் கண்ணை மறைத்தாள்.

"மதிலுக்குப் போ" என்றாள்.

"கோடு இல்லையேம்மா."

அவள் முழங்கால் வலியோடு மெல்ல நடந்து தெருவைக் கடந்தாள். மதிலில் முதுகைச் சாய்த்து நின்று, குனிந்து தன் முழங்காலில் கையை வைத்துக் காட்டினாள். "கோடு போனாப் போகுது. இது இங்கனதான இருக்கு."

மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்கூட்டரின் மூக்குக்கு அடியில் இருந்த திருகைத் தேடிப் பிடித்துத் திருப்பினேன். வெளிச்சம் அம்மாவின் முகத்தை விட்டு இறங்கி, மார்பை விட்டு இறங்கி, அந்தக் கைக்குக் கீழே போய் நின்றது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

"இப்பக் கூசல" என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள். "போயிட்டு வா."