மாதவனை விழுங்கிய புள்ளி

சாமுண்டீஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். திண்டிவனத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்த அவளுக்கு, சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித்தர வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. படிவங்களில் உள்ள பெயர்களை ஆங்கில எழுத்தில் பட்டியலாக அடிக்க வேண்டும். ஒரே ஆளை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்க்காரியான அவள் அந்த இரட்டிப்பைக் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். ஆபீஸில் எதற்கெடுத்தாலும், "சாமுண்டியக் கேளுங்க" என்பார்கள்.

சித்திரையில் புதுச்சேரிப் பக்கத்துக் குயிலாப்பாளையத்திலிருந்து ஷாலினி வேலைக்கு வந்தாள். சாமுண்டி நான்கு நாள் செய்யும் வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தாள்.

"பாருக்கா, Savarimuth?u-ன்னு தேடினா போதும். கேள்விக்குறிக்கு முன்னாடி இருக்கிற எழுத்து இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். சதுர அடைப்புன்னா உள்ள இருக்கிறதுல ஏதாச்சும் ஒரு எழுத்து. புள்ளி வச்சா எந்த எழுத்தானாலும் சரி."

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் சாமுண்டி.

ஷாலினி எழுந்து போனதும் சாமுண்டி திரையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மேலாளர் தேவநாதன் இப்போது "ஷாலினி, ஷாலினி" என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் சாமுண்டிக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண்ணின் சிரிப்புகூடப் பிடிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷாலினி Ma.avan என்று தேடினாள். ஒரே மாயவனை ஒரு படிவத்தில் Mayavan என்றும் இன்னொன்றில் Maiavan என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் புள்ளிக்குள் Madavan-உம் மாட்டியது. அதே தெரு, அதே இனிஷியல். மூன்றும் ஒருவரே என்று எண்ணி மாயவனை மட்டும் வைத்து மற்ற இரண்டையும் அழித்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்த சாமுண்டிக்கு மாதவன் வேறு ஆள் என்று தெரியும். வாய் வரை வந்தது. 'இவ மாட்டட்டும்' என்று விழுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வீடு கிடைப்பவர்களின் பட்டியலை ஆபீஸ் வாசலில் ஒட்டினார்கள். மாதவனின் மனைவி ஆராயி உப்பு வாரிய கையோடு ஓடிவந்தாள்.

"ஏம்மா சாமுண்டி, எங்க பேர மட்டும் காணோம்ங்கிறாங்களே. நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

தேவநாதன் எல்லோர் முன்னாலும் ஷாலினியைத் திட்டினார். எத்தனையோ நாளாக சாமுண்டி காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் ஆராயியின் வெடித்த விரல்கள் பட்டியலை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவள்.

சாமுண்டி கீபோர்டை இழுத்து, அழிப்பதற்கு முந்தைய பட்டியலில் Ma[yi]avan என்று அடித்தாள். மாயவன் மட்டும், எழுதியிருந்த இரண்டு விதத்திலும் வந்தான்.

"இப்படித் தேடியிருந்தா மாதவன் மாட்டியிருக்க மாட்டாரு சார். அன்னைக்கே பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

மாதவன் பெயர் அன்றே ஏறியது. தேவநாதன் சாமுண்டியை ஒரு மாதம் படிவம் அடுக்கும் வேலையில் போட்டார். ஷாலினி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஷாலினிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போகும் நாளில், "பேர் எல்லாத்தையும் ஒருதடவ நீயே பாத்துடுக்கா" என்று மட்டும் சொன்னாள். அவளை ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கம் போன பஸ்ஸை சாமுண்டி பார்த்தாள். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.