றேமண்ட் கையெழுத்துப் போட்ட பெட்டி

கொட்டாஞ்சேனையில் றேமண்டைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பயத்தையும் தெரியும். மற்றவர்களுக்குப் பயம் வந்து போகும். இவரிடம் அது நிரந்தர வேலைக்கு இருந்தது. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று ஹோல்ட் முன்னதாகவே எழும்பி நிற்பார். கதவைப் பூட்டிவிட்டுச் சந்திவரை போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தை முப்பத்தொரு வருஷம் பார்த்தவர். ஒருமுறை, "சும்மா ஓட்டிப் பாக்க" என்று வேறு பகுதிக்காரர் கேட்டு வாங்கிப்போன புதுப் பம்ப் வெடிப்போடு திரும்பி வந்தது. விசாரணை எட்டு மாதம் நடந்தது. குற்றம் இவரில் இல்லை என்று முடிந்தாலும், சீல் உடைக்காத பெட்டிதான் நல்ல பெட்டி என்ற முடிவு அவர் மண்டையில் ஏறிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அது இறங்கவில்லை.

ஆனால் போன மே மாதத்துக்குப் பிறகு அவர் பயந்ததை யாரும் பகிடி பண்ண முடியாது. அவருடைய மனைவி மேபலுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. திங்களும் வியாழனும் டயலிசிஸ். இடம் கிடைத்தது நகரத்தின் மறுபக்கம் களுபோவிலை ஆஸ்பத்திரியில் என்பதால், பக்கத்து வீட்டு மஷூரின் ஓட்டோவில் விடிந்தும் விடியாததுமாக வெளிக்கிட்டால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அவர்கள் இருந்த ஒழுங்கையில் பதினான்கு வீடு. ஒரு முனை சுவர். மறுமுனையில், வழக்கில் கிடக்கிற ஒரு பழைய கிட்டங்கியின் வளவுக்குள் இரண்டு மாரா மரங்கள். வழக்கு முடியும்வரை அந்த வளவில் யாரும் கைவைக்க முடியாது. போன மே மாதக் காற்றில் அதில் ஒன்று ஒழுங்கையின் வாயை அடைத்துக்கொண்டு விழுந்தது. அன்றைக்கு நகரம் முழுக்க மரம். யாரை அழைத்தாலும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஒழுங்கை ஆண்கள் கோடரியும் கைவாளுமாக வெட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. மேபலைக் கதிரையில் வைத்துக் கொப்புகளுக்குள்ளால் தூக்கிப் பார்த்தார்கள். வீங்கின காலோடு, மூச்சு முட்டி, அவள் கையைக் காட்டி இறக்கச் சொன்னாள். நுரையீரலில் தண்ணீர் நிறைந்து, நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து திரும்பி வந்தாள்.

மற்ற மாரா இன்னும் நின்றது. ஒழுங்கைப் பக்கம் சரிந்து நின்றது.

ஒழுங்கைச் சங்கம் கூடி, எல்லா வீடும் சேர்ந்து மரம் வெட்டுகிற செயின் சோ ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தது. சாமான் பார்த்து வாங்கத் தெரிந்தவர் றேமண்ட் என்பதால் பொறுப்பு அவருடைய தலையில் விழுந்தது. தலைவர் கொன்ஸ்ரன்ரைன், ஓய்வு பெற்ற வங்கி லிகிதர், எதிலும் பெரியதைப் பார்க்கிற மனிதர், ஒரே ஒரு கட்டளை போட்டார்.

"வாங்கிறதெண்டா இருக்கிறதிலேயே பெரிசா வாங்கும். சின்னதை வாங்கிப்போட்டுப் பிறகு அழப்படாது."

றேமண்டுக்கு இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு, ஒருநாள் எழும்பி இரண்டடி மொத்த மரத்தை அறுக்க வேண்டிய மெஷினை எப்படித் தெரிந்தெடுப்பது? மரக்காலையில் தினமும் ஓடுகிற மெஷினைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். சும்மா கிடக்கிற மெஷினைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. பழைய சோனகத் தெருவில் ஏழு கடை ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் குதிரைச் சக்தி சொன்னார்கள், கலர் காட்டினார்கள். இவர் கேட்டது வேறு.

"இதுக்குச் செயின் இருக்கோ? எயார் பில்டர்? இழுக்கிற கயிறு? கயிற்றைச் சுத்துற ஸ்பிரிங்? கதைக்க வேண்டாம், எடுத்து மேசையில வையுங்கோ."

ஆறு கடையில் "அடுத்த கிழமை வரும்" என்றார்கள். ஏழாவது கடை மக்கீனுடையது. அவர் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். றேமண்டுக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"எங்கட தலைவர் பெரிய மெஷின்தான் வேணுமெண்டு நிக்கிறார், முதலாளி."

"பெரிசு ஒங்களுக்கு வாணாம் மாஸ்டர்," என்றார் மக்கீன். "பழக்கமில்லாத ஆள் அதத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு பத்து நிமிஷம் நிக்கேலாது. சின்னது பெரிய மரத்தில சூடேறி நிண்டுரும். நடுத்தரம் எடுங்க. செயின் ஓடுற பார் பதினெட்டு அங்குலம். மரம் மொத்தமா இருந்தா ரெண்டு பக்கத்தால அறுங்க. ஆனா ஒண்டு சொல்றேன், கேட்டுக்கோங்க. மாசத்துக்கு ஒருக்கா ஸ்டாட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. இல்லாட்டி டேங்கக் காலி பண்ணி வைங்க. பெட்ரோல் பழசானா பசை மாதிரி உள்ளுக்க அடச்சிக்கிரும். அதுக்குப் பொறகு புது மெஷினும் ஒண்டுதான், பழைய இரும்பும் ஒண்டுதான்."

றேமண்ட் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தார்.

அவசரத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று டாங்கியை நிரப்பினார். மெஷினைப் பெட்டியில் வைத்து, மேல் மூடியைப் பிசின் ரேப்பால் ஒட்டி, ரேப்பின் மேல் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். பின் அறையில் பூட்டி, சாவியை மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்தார். முகத்துவாரத்தில் படகு என்ஜின் திருத்துகிற ஹியூபேட், மேபலின் தம்பி, அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அத்தான், மாசத்துக்கு ஒருக்கா இழுத்துப் பாக்க வேணும். என்ஜின் எண்டா ஓட வேணும்."

"இது உன்ர படகு என்ஜின் இல்லை. ஊர்ச் சாமான். வேலை வந்தா வெளியில எடுப்பம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது."

முதல் மாதம் அவர் இழுத்துப் பார்க்காமல் விட்டது பழைய பம்ப்பை நினைத்து. இரண்டாம் மாதம் விட்டது வேறு காரணத்துக்காக. பெட்ரோல் இப்போதே பழுதாகியிருந்தால்? இழுத்து, அது ஓடாமல் போனால்? இழுக்காதவரைக்கும் அது ஓடுகிற மெஷின். மூன்றாம் மாதம் பின் அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். செய்ய வேண்டியது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே செய்யாமல் இருந்தார், அதை நினைத்து நினைத்து வெந்தும் போனார். அதற்குப் பதிலாக, மெஷின் வந்த நாளிலிருந்தே செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய், மெழுகுதிரி கொளுத்தி, அந்த மெஷினுக்காக முழங்காலில் நின்றார். செயின் சோவுக்காக நேர்த்தி வைத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

அடுத்த மே வந்தது. இரண்டாம் கிழமை, வியாழன் காலை, மேபல் சேலை உடுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்காகக் காத்திருந்தாள். காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மின்சாரத்தை ஏற்கனவே நிறுத்திவிட்டார்கள். திடீரென்று நிலம் ஒருமுறை அதிர்ந்தது. என்ன விழுந்தது என்று றேமண்ட் போய்ப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

மேபல் அவர் முகத்தைப் பார்த்தாள். "பதறாதேங்கோ. மெஷின் இருக்குத்தானே," என்றாள்.

அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றது. ஹியூபேட்டுக்குப் போன் பண்ணினார். பெட்டியின் மேல் ரேப்பைக் கிழித்தார். கையெழுத்து இரண்டாகப் பிரிந்தது. மழைக்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வாய்க்கு ஓடினார். மரம் சுவருக்குச் சுவர் அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் மஷூரின் ஓட்டோ வெளிக்கிட முடியாமல் நின்றது. குடைகளின் கீழ் ஒழுங்கையே கூடியிருந்தது.

மெஷினை நிலத்தில் வைத்து, காலால் மிதித்து, கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் இழுத்தார். ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு, ஏழு. மக்கீன் சொன்ன பசை மாதிரி என்ற சொல் காதுக்குள் நின்றது. என் கையாலேயே நிறைத்து, சீல் வைத்து, மேபலைக் கொன்றுவிட்டேன் என்று அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னனான், பெரிசா வாங்கச் சொல்லி," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

அப்போதுதான் ஹியூபேட் மறுபக்கத்திலிருந்து, கொப்புகளுக்குள்ளால் நுழைந்து, முழுக்க நனைந்து வந்து சேர்ந்தான். றேமண்ட் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹியூபேட், என்ர பிழை. பெட்ரோல் ஒரு வருஷமா உள்ள கிடக்கு. அடைச்சுப் போச்சு. நீ சொன்னனீ, நான் கேக்கேல்லை. அக்காவை எப்பிடியாவது..."

"அத்தான், விடுங்கோ. சோக்கை இழுக்கேல்லை நீங்கள்."

குளிர்ந்த என்ஜினை எழுப்புகிற, பக்கத்திலிருந்த சின்னக் கம்பியை ஹியூபேட் வெளியே இழுத்தான். கயிற்றை ஒருமுறை இழுத்தான், மெஷின் இருமியது. கம்பியைத் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தான். ஒழுங்கை முழுக்க அதிரும்படி அது கத்தியது.

றேமண்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "பெட்ரோல்..." என்றார்.

"போன கிழமை செவ்வாய் மாத்தினது," என்று கத்திச் சொன்ன ஹியூபேட் சட்டென்று நாக்கைக் கடித்தான்.

றேமண்ட் சுற்றிப் பார்த்தார். மஷூர் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். கொன்ஸ்ரன்ரைன் மழையை ஆராய்ந்தார். செயின் சோவை யாருக்கும் கேட்காமல் ஓட்ட முடியாது. பதினான்கு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே மனிதர் அந்த நேரங்களில் கொச்சிக்கடையில் முழங்காலில் நின்றிருந்தார்.

கோபப்பட நேரமில்லை. ஹியூபேட் மேலிருந்தும் கீழிருந்தும் மாறி மாறி அறுத்தான். மெஷின் ஒருதரமும் சூடேறி நிற்கவில்லை. ஆண்கள் துண்டுகளை உருட்டினார்கள், றேமண்டும் உருட்டினார். ஐம்பது நிமிஷத்தில் ஓர் ஓட்டோ போகிற வழி திறந்தது. மஷூர் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனான். மேபல் அரை மணித்தியாலம் பிந்திக் களுபோவிலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளை மெஷினில் இணைத்தார்கள்.

பின்னேரம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, றேமண்ட் வெறும் பெட்டியைத் துடைத்து உலர்த்தத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்து மூடி வெட்டப்பட்டு, ரேப்புக்கு மேல் ரேப்பாக ஒட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் நீலப் பேனையால், மேபலின் உருண்டைக் கையெழுத்தில், களஞ்சியத்தில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தது: திகதி, எடுத்தவர், திருப்பித் தந்தவர். பதினொரு திகதி. எல்லாம் மாதத்தின் முதல் செவ்வாய். எடுத்தவர் ஹியூபேட், திருப்பித் தந்தவர் ஹியூபேட். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மேபலின் ஒப்பம்.

"முப்பது வருஷமா உங்களோட இருக்கிறன்," என்றாள் மேபல் கட்டிலிலிருந்து. "ஒப்பமில்லாமல் ஒரு சாமானையும் வெளியில விடேல்லை. கோவமே?"

றேமண்ட் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, பன்னிரண்டாவது வரியில் அன்றைய திகதியைப் போட்டு, எடுத்தவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரை எழுதி, ஒப்பத்துக்காகப் பெட்டியை அவளிடம் நீட்டினார்.