சுவிட்ச் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒன்று

வாசற்கதவைத் திறந்ததும் கிச்சன் விளக்கு தானாக எரிய வேண்டும். என் முதல் புராஜெக்ட் அவ்வளவுதான். ஆபீஸில் நாலு பேர் இப்படிச் செய்து பீற்றிக்கொண்டார்கள், எனக்கும் வீம்பு வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும், வைஃபையில் பேசும் எலக்ட்ரானிக் போர்டு ஒன்றை வாங்கி, ஒரு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொம்மலூரில் நான் தனியாக வாடகைக்கு இருந்த மாடி வீட்டில், மெயினை அணைத்துவிட்டு கிச்சன் சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஏற்கெனவே ஒரு போர்டு இருந்தது.

என்னுடையதைப் போலவே. பழைய சார்ஜர் ஒன்றின் உள்பாகத்தைப் பிரித்து அதோடு சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கும் சின்ன சென்சார் ஒன்று திருகு ஓட்டை வழியாகக் கிச்சனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அதன் எதிரில்தான் நைட்டியோடு நின்று காபி போட்டிருக்கிறேன். "அடப்பாவி, எவன்டா நீ!" என்று வாய்விட்டே கத்தினேன்.

பிடுங்கி எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். திரையில் முதலில் வைஃபை சேர்ந்துவிட்டதாக ஒரு வரி. வைஃபை கீழே இருக்கும் ஓனர் ஆன்ட்டியுடையது, வாடகையோடு சேர்த்தி, அவர் பாஸ்வேர்டை மாற்றியதே இல்லை. அடுத்த வரி ஆங்கில எழுத்தில் தமிழ்: 'அம்மா எழுந்தாச்சு. மெசேஜ் அனுப்பியாச்சு.'

வெளிச்சம் பட்டால் மெசேஜ் அனுப்பத்தானே அந்த சென்சார்? சன்னல் இல்லாத கிச்சன், விளக்கும் இல்லை. சென்சாரைக் கைக்குள் பொத்திக்கொண்டு மறுபடி சொருகினேன். அம்மா எழுந்தாச்சு. டேப்பைச் சுற்றிவிட்டுச் சொருகினேன். அம்மா எழுந்தாச்சு. நாலாவது முறையும் அதேதான். எந்த அம்மா, எங்கிருந்து எழுகிறாள்? திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. என்னை மாதிரி கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்வதுதான். மெசேஜ் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, போர்டு உயிர் பெற்றதும் ஒன்றை அனுப்பும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதிவைப்போம். பிறகு அதை எடுக்க மறந்துவிடுவோம். கரண்ட் போய் வந்தாலே போதும், விளக்கு எரியாமலேயே இது அம்மாவை எழுப்பிவிடும்.

அதற்குள் ஓனர் ஆன்ட்டி கையில் ஃபோனோடு மூச்சிரைக்க மேலே வந்தார். "என்ன பாப்பா பண்றே மேல? துபாய்லேர்ந்து ஃபோன் போட்டு அழுவுறான்."

"யாரு ஆன்ட்டி?"

ஃபோனைப் புடவையில் அழுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உனக்கு முன்னாடி இங்க தனியா இருந்தாங்களே ஒரு அம்மா, அவங்க புள்ள. பாவம், அந்த அம்மா ராத்திரியே விழுந்துருக்கு. போட்ட சாப்பாடு தட்டுல அப்படியே இருந்துச்சு. மறுநாள் சாயங்காலம் நாங்க கதவ ஒடச்சப்போ மூச்சு இருந்துச்சு, ஆஸ்பத்திரி போற வழியில போயிருச்சு. அன்னிக்கு காலைல ஒரே மழை, ஒரு வாட்டி கரண்ட் போயிட்டு வந்துச்சு. எங்களுக்கும் மேல ஏறிப் பாக்கத் தோணல."

ஃபோனை வாங்கினேன்.

"அதக் கழட்டிட்டீங்களா?" என்றது ஆண்குரல்.

"கழட்டிட்டேங்க. ஒரு பொண்ணு தனியா இருக்குற வீடு. உங்களுக்கே அசிங்கமா இல்ல?"

"தப்புதாங்க. மன்னிச்சுடுங்க. அம்மா லைட்டு போட்டா எனக்குத் தெரியணும்னு வச்சது. இப்பவும் தினம் காலைல நீங்க லைட்டு போட்டா அந்த மெசேஜ் வருது. நிறுத்த மனசு வரல. உங்களுக்கு இந்த வேலை தெரியும்போல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கும் ஆறரைக்கு எழுந்தாச்சுன்னு வந்துச்சுங்க. நானும் நிம்மதியா டியூட்டிக்குப் போயிட்டேன். நான் எழுதுனதுல ஏதாவது தப்பு இருக்குமா?"

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரையில் நாலு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"இல்லங்க. சரியாதான் இருக்கு."

"அப்போ இன்னிக்கு ஏன் நாலு வாட்டி வந்துச்சு?"

"நான்தான் லைட்டப் போட்டுப் போட்டுப் பாத்தேன்."

ஓனர் ஆன்ட்டி அணைந்துகிடந்த விளக்கை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு அம்மா எழுந்துருக்காங்க" என்றார் ஃபோனில் இருந்தவர்.

"எழுந்துருக்காங்க" என்றேன்.